ஜாகாவும் ஜாகையும்: கோலாலம்பூரிலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாம் வரை

சனிக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. முந்தைய நாள் பினாங்குக்கு எதிர்க்கரையான பிறையில் ஏறிய வண்டி கோலாலம்பூர் ஸ்டேஷனில் வந்து நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலில் ஏழு நாள், அங்கே நோய்த்தடுப்பு முகாமில் ஆறு நாள், பிறகு இந்த மூன்றாம் வகுப்புப் பலகை. முதுகு பலகையாகவே ஆகியிருந்தது. ஆனாலும் இறங்கியதும் வாயைப் பிளந்து நின்றேன். நாகூர் தர்காவை யாரோ நீளவாக்கில் இழுத்து நடுவே தண்டவாளம் போட்டதுபோல் வெள்ளை மினார்களும் கும்பங்களுமாக இருக்கிறது அந்த ஸ்டேஷன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் பெட்டி பின்னால் விழும் என்பதை நேரில் அறிந்தேன்.

எனக்கு வேலை கிடைத்திருப்பது சுங்கை பூலோவை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதும் சின்னக் கிராணியாக. திங்கட்கிழமை காலை போய் நிற்க வேண்டும். சுங்கை பூலோ ஸ்டேஷனை விடியும் நேரத்திலேயே வண்டி கடந்துவிட்டது. நான் இறங்கவில்லை. வேலையில் சேருமுன் ஒரு வீட்டைப் பார்த்து எழுதுவதாக ஊரில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த வீட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தை மகன் வேலாயுதம் மலாய் நாட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். என் தங்கை பாக்கியத்துக்கு முறை மாப்பிள்ளை. இரண்டு வருஷமாக அவர் பெண் கேட்டுக் கடிதம் போடுவதும், "குந்த ஒரு இடம் இல்லாதவனுக்கு எப்படிக் குடுக்கிறது" என்று அப்பா தள்ளிப்போடுவதுமாக இருந்தது. போன பங்குனியில் வந்த கடிதத்தில், யாரோ எழுதிக்கொடுத்த கையெழுத்தில், "நமக்கு இப்போது போர்ட் சுவெட்டன்ஹாமில் ரயில்வே ஜாகா" என்று ஒரு வரி. எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்தவன் நான் ஒருவன். எட்டாவது வரை படித்தவன். கடிதம் வந்தால் கூடத்தில் எல்லாரும் உட்கார, நான் நின்றுகொண்டு வாசிப்பேன். அன்றைக்கும் வாசித்தேன். "ஜாகா" என்பதைப் பார்த்ததும் எழுதியவரின் பிழை என்று தெரிந்துகொண்டேன். "கா"வின் காலை அடித்துவிட்டு, ககரத்துக்கு முன்னால் இணைக்கொம்பைப் பென்சிலால் போட்டு, "ஜாகை" என்று திருத்தி வாசித்தேன். ரயில்வேயே மச்சானுக்கு வீடு கொடுத்திருக்கிறது என்று விளக்கமும் சொன்னேன். அந்த வாரமே அப்பா வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றி நிச்சயம் செய்துகொண்டார்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. கிணறெல்லாம் உப்பு. பாக்கியம் தினம் இரண்டு நடை ஒன்றேகால் மைல் போய்க் குடிதண்ணீர் சுமப்பவள். நான் புறப்படும்போது அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "அந்த ஜாகைலேர்ந்து தண்ணி எவ்வளவு தூரம்னு பாத்து எழுதுண்ணே."

ஏழரை மணி. ஸ்டேஷனிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் அரை மைல்தான். தெரியாமல் ரிக்ஷாவுக்குப் பத்துக் காசு கொடுத்தேன். இந்த ஊரில் காசு என்றால் சென்ட். நூறு சேர்ந்தால் ஒரு வெள்ளி. பெயருக்கேற்பச் செங்கல் சூளைகள் இருந்த இடம். இப்போது சூளைப் புகையைவிட ரயில் புகை அதிகம். ரயில்வேக்காரர் குடியிருப்புகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. காக்கிச் சட்டைகள் கொடிகளில் காய்கின்றன. காதில் விழுவதெல்லாம் தமிழ். கடல் தாண்டி வந்தோம் என்ற எண்ணமே அரை நாழிகை மறந்துபோயிற்று.

தோட்டத்து ஏஜெண்டு சொல்லியனுப்பிய ராஜம்மா அக்காவின் சாப்பாட்டுக் கடையில் பெட்டியை வைத்தேன். இரண்டு தோசையும் கோப்பியும் ஆறு காசு. அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கரண்டியும் பேச்சும் ஒரே வேகம். எங்கே போகிறாய் என்று கேட்டார். போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு, மச்சானைப் பார்க்க, அவருக்கு ரயில்வேயில் ஜாகை கொடுத்திருக்கிறார்கள் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். கடிதத்தையும் எடுத்துக் காட்டி அந்த வரியை வாசித்தேன். நான் அடித்த எழுத்தையும் ஒளிக்கவில்லை.

கரண்டி நின்றது.

"எழுதினவரு சரியாத்தான் எழுதியிருக்காரு தம்பி. நீதான் கெடுத்துட்ட. ஜாகான்னா காவக்காரன் லா. மலாய்ப் பேச்சு. உன் மச்சான் ரயில்வேல காவக்காரரு."

பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், எஞ்சினுக்குக் கரி போடும் எண்ணெய்க் கறை படிந்த ஃபயர்மேன், தலையைத் தூக்காமலே சொன்னார்: "அதுவும் ஜாகைதான் அக்கா. நாலு பக்கமும் வாசல், மேல வானம்."

கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அப்பா வெற்றிலை மாற்றியது என் இணைக்கொம்பை நம்பி. பாக்கியம் தண்ணீர்த் தூரம் கேட்டதும் அதை நம்பி. வீடே இல்லை என்று தெரிந்தால் அப்பா தட்டைத் திருப்பி அனுப்புவார், சந்தேகமில்லை. என் முகத்தைப் பார்த்து அக்கா இன்னொரு கோப்பி ஊற்றினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

எட்டு இருபது. போர்ட் சுவெட்டன்ஹாம் வண்டி. இருபத்தேழு மைல், மூன்றாம் வகுப்புக் கட்டணம் அறுபது காசு. பெட்டாலிங் தாண்டியதும் ரப்பர் மரங்கள் தொடங்கிவிடுகின்றன. கோடு கிழித்து நட்டதுபோல் வரிசை. வண்டி ஓட ஓட ஒவ்வொரு வரிசையும் திறந்து மூடுகிறது. பத்து தீகா என்ற ஸ்டேஷனில் ஒரு கங்காணியின் மனைவி சேவலைக் கூடையில் மூடி எடுத்துக்கொண்டு ஏறினார். டிக்கெட் பார்ப்பவர் வரும்போதெல்லாம் கூடைமேல் முந்தானையைப் போட்டு இருமுவார். சேவல் கூவினால் இருமலில் மறைய வேண்டும் என்ற ஏற்பாடு. ரயில்வே ஜாகாக்களைத் தெரியுமா என்று அவரிடம் கேட்டு வைத்தேன். தெரியாமலா என்றார். தண்டவாளத்தோடு நடந்தால் விரட்டுவது அவர்கள்தானாம். போன மாதம் அவருடைய மருமகனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தானாம். களவு என்ன என்று கேட்டேன். ஒரு சாக்கு அரிசி என்றார். பிறகு யோசித்து, "முக்கா சாக்கு" என்றார்.

பாடாங் ஜாவா தாண்டி, இரும்புப் பாலத்தில் கிள்ளான் ஆற்றைக் கடந்தோம். கலங்கல் ஆறு, இரு கரையும் சேறு. கிள்ளானில் பாதி வண்டி காலியாயிற்று. சேவலும் டிக்கெட் இல்லாமலே இறங்கிப் போயிற்று. அதற்கப்புறம் ஆறு மைல் சதுப்பு. மரங்கள் சேற்றுக்கு வெளியே வேர்களை ஊன்றி நிற்கின்றன. உப்புக்காற்று வந்ததும் மனது ஊருக்குப் போய்த் திரும்பியது.

ஒன்பது ஐம்பது. போர்ட் சுவெட்டன்ஹாமில் ஊர் என்று பெரிதாக ஏதுமில்லை. துறைமுகம், கிட்டங்கிகள், தண்டவாளங்கள், அவற்றுக்கிடையே மனிதர்கள். வேலாயுதம் மச்சான் எங்கே என்று விசாரித்தேன். சரக்கு வண்டிகள் நிற்கும் யார்டுக்குக் கை காட்டினார்கள். அங்கே ஒரு வேகனுக்கு அடியிலிருந்து காக்கிக் கால்சட்டையும் இரண்டு கால்களும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என் மச்சானை நான் முதலில் பார்த்தது அப்படித்தான்.

வெளியே வந்தார். குள்ளம், கருத்து இறுகிய உடம்பு, நெஞ்சில் நம்பர் போட்ட பித்தளை வில்லை, கழுத்தில் விசில், கையில் பிரம்பு. என்னை அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. தெரிந்ததும் கட்டிக்கொண்டார், என் ஒரே வெள்ளைச் சட்டையில் சக்கர அச்சின் மசகு ஒட்டிக்கொண்டது. இரண்டு மணி வரை டியூட்டி, கூடவே நடந்து வா என்றார்.

நடந்தேன். ரயில்வே காவல் என்றால் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பது என்று நினைத்திருந்தேன். நிற்க நேரமில்லாத வேலை அது. அன்றைக்கு யார்டில் முப்பத்தொரு வேகன்கள். ஒவ்வொரு கதவிலும் கம்பி கோத்து ஈயச் சீல் வைத்திருக்கிறது. மச்சானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். சீலில் பதித்த எண்ணைக் கட்டைவிரலால் தடவியே வாசிக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. சுருள்வில் தாழ்ந்து அமுங்கியிருந்தால் ஈயக் கட்டி. புகை வாசம் அடித்தால் ரப்பர் ஷீட். அரிசியாக இருந்தால்?

"அரிசிய மைனா சொல்லும்" என்றார்.

திருடர்கள் சீலைத் தொடுவதில்லையாம். அடிப்பலகையில் துளை போட்டு, மூங்கில் குழாயைச் செருகி, கீழே சாக்கைப் பிடித்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் களிமண்ணால் அடைத்துவிட்டுப் போவார்கள். வெயில் ஏறிக் களிமண் காய்ந்து விழுந்ததும் அரிசி கசியும். மனிதக் கண்ணுக்குத் தெரியுமுன் மைனாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஜாகாக்கள் பாதி நேரம் பறவையைப் பார்க்கிறார்கள், பாதி நேரம் வேகனுக்கு அடியில் படுக்கிறார்கள். இந்த வழியாகப் போகும் அரிசிதான் உள்நாட்டுத் தோட்டங்களில் வாரத்துக்கு ஒருமுறை நம்மவர்களுக்கு அளந்து போடப்படுகிறது. சாக்கு குறைந்தால் முதலில் குறைவது கூலிகளின் வரிசைக் குடியிருப்பான லயத்து அடுப்பில்தான் என்று மச்சான் சொன்னார். அதைச் சொன்னபோது சேவல்காரம்மாவின் மருமகன்மேல் எனக்கிருந்த இரக்கம் முக்கால் சாக்கு குறைந்தது.

பதினொன்றரை. சாப்பாட்டு நேரம் அரை மணி. சோற்றைச் சாப்பிடாமல் மச்சான் என்னை யார்டுக்குப் பின்புறம் அழைத்துப் போனார். செங்கல் கால்களின்மேல் தூக்கிக் கட்டிய பலகை வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. இரண்டு அறை, முன்னால் சின்னத் தாழ்வாரம். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்க்கச் சொன்னார். உள்ளே கழுவிவிட்ட பலகைத் தரை தெரிந்தது.

இப்போது அவர் இருப்பது ஏழு பேரோடு ஒரே கொட்டகையில். குடும்பஸ்தனாகப் போகிறவனுக்கு வீடு கொடுக்க வருஷத்துக்கு ஒரு தடவை பட்டியல் போடுகிறார்கள். வருகிற முதல் தேதி வாசிப்பார்கள். அவர் பெயர்தான் முதல் பெயர். ஒரே நிபந்தனை, அந்த வருஷத்தில் பெயருக்கு நேரே சரக்குத் திருட்டு ரிப்போர்ட் ஏதும் ஏறியிருக்கக் கூடாது. பதினொரு மாதம் ஏறவில்லை. இன்னும் ஒன்பது நாள்தான்.

அங்கேதான் என் தப்பைச் சொன்னேன். காலை அடித்ததையும் கொம்பு போட்டதையும் ஒளிக்காமல் சொன்னேன். மச்சான் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அதான் மாமா திடீர்னு சரின்னாரா?" என்று கேட்டார். "நான் காவக்காரன்கிறதைக் கேட்டுத்தான் சரின்னாருன்னுல்ல நெனச்சேன்."

ஆமாம் என்று தலையாட்டினேன். அவரே என் தோளைத் தட்டினார். "போகட்டும் மாப்ள. இன்னும் ஒம்பது நாள்ல உன் எழுத்தை நெசமாக்கிடுறேன்."

வீட்டுக்கு எதிரே பொதுக் குழாய் இருந்தது. வாசற்படியிலிருந்து அடிமேல் அடி வைத்து எண்ணினேன். இருபத்திரண்டு அடி. திறந்து குடித்தும் பார்த்தேன். இனிப்புத் தண்ணீர். பாக்கியத்துக்கு எழுத வேண்டிய வரி எனக்குள் அப்போதே தயாராகிவிட்டது.

ஒன்று நாற்பது. யார்டில் வெயில் கொதித்தது. தண்டவாளத்தில் கை வைக்க முடியாது. இன்னும் இருபது நிமிஷத்தில் அடுத்த காவலர் வந்துவிடுவார். கர்த்தார் சிங் என்று பெயர். ஆறடிக்கு மேல் உயரமுள்ள சீக்கியர். இங்கே எல்லாரும் அவரைப் பாய் என்கிறார்கள். மச்சான் கடைசிச் சுற்றுப் போய்க்கொண்டிருந்தார். பத்தொன்பதாவது வேகனுக்கு அருகே நின்றுவிட்டார்.

மூன்று மைனாக்கள். நான் எண்ணுவதற்குள் ஐந்து.

குனிந்து பார்த்தோம். தண்டவாளக் கட்டையின்மேல் ஒரு கைப்பிடி வெள்ளை அரிசி. அதன் உச்சியில் இன்னும் ஒவ்வொரு மணியாக விழுந்துகொண்டிருந்தது. எப்போது துளைத்தார்களோ, எந்த ஊரில் துளைத்தார்களோ. காலையில் நான் வந்தபோது மச்சான் எந்த வேகனுக்கு அடியில் கிடந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். இதற்கு அடியிலும் கிடந்திருப்பார். அப்போது களிமண் விழுந்திருக்காது. ஆனால் எந்தக் காவலரின் நேரத்தில் கண்டதோ, அவர் பெயரில்தான் அது ஏறும். அது ரிப்போர்ட். ரிப்போர்ட் என்றால் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாவிட்டால் இருபத்திரண்டு அடித் தண்ணீரும் இல்லை.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது; ஆனாலும் எழுதுகிறேன். படித்தவன், ஊரில் எல்லாருக்கும் கடிதம் வாசித்து நியாயம் சொல்பவன், நான்தான் சொன்னேன்:

"மச்சான், இன்னும் கால் மணி நேரந்தானே."

அவர் என்னைத் திட்டவில்லை. வேகனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாய் வந்ததும் அவன் பேர்ல ஏறும்" என்றார். "அவனும் அந்தப் பட்டியல்ல இருக்கான், எனக்கு அடுத்து." மைனாக்கள் மறுபடி வந்து உட்கார்ந்தன. மச்சான் வாயில் விசிலை வைத்தார். வைத்தபடி ஒரு மூச்சு நேரம் நின்றார். பிறகு ஊதினார்.

அவ்வளவு நீளமான ஊதலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

யார்டு மேற்பார்வையாளர் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மூக்குக்கண்ணாடி, கக்கத்தில் நோட்டு. துளையைப் பார்த்தார், குச்சியால் குத்தி அளந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "உம்மட நேரத்தில கண்டதோ?" என்று கேட்டார். ஆமாம் என்றார் மச்சான். அவர் எழுதத் தொடங்கிப் பாதியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதலாந் தேதிப் பட்டியல் தெரியும்தானே, வேலாயுதம்?"

"தெரியும் ஐயா."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு மீதியையும் எழுதி முடித்தார். தயக்கமிருந்தது, இரக்கமும் இருந்தது. ஆனால் எழுதாமல் விடவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் மச்சானே சண்டைக்குப் போயிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

இரண்டு மணிக்குக் கர்த்தார் சிங் வந்தார். நடந்ததைக் கேட்டார். அரைத் தமிழும் அரை மலாயுமாக மச்சானை வண்டை வண்டையாகத் திட்டினார். அந்தத் திட்டில் எனக்குப் புரிந்தது "போடோ" என்ற ஒரு சொல்தான், மலாயில் முட்டாள். திட்டி முடித்ததும் இருவரும் ஒரே கோப்பியைக் குவளை மாற்றிக் குடித்தார்கள். பிறகு பாய் துளைக்குக் கீழே படுத்து ஆப்பு அடித்தார். மச்சான் டியூட்டி முடிந்தும் போகாமல் அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். கீழே சிந்தியதும் சாக்கில் சேர்ந்து கணக்காக வேண்டுமாம். மைனாக்கள் இரண்டு கஜம் தள்ளி நின்று அவரைப் பார்த்தன.

நாலே கால். திரும்பும் வண்டி. பிளாட்பாரத்தில் மச்சான் கையில் கட்டி எடுத்துவந்திருந்த மதியச் சோற்றை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். தான் சாப்பிடாததை எனக்குக் கொடுக்கிறார் என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் இன்னும் கஷ்டப்படுவார்.  வண்டி நகரும்போது சொன்னார்:

"மாமாவுக்கு உள்ளதை எழுது மாப்ள. அடிச்சுத் திருத்தாம எழுது."

கை காட்டலாம் என்று எட்டிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றியும் பழக்கம் போகவில்லை.

எங்கள் ஊர் ஸ்டேஷனிலும் சரக்கு வண்டி வந்து நிற்பதுண்டு. நெல் மூட்டை ஏறும், உப்பு மூட்டை இறங்கும். அதற்கு ஒருவர் காவல் இருந்திருக்கத்தான் வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவரைப் பார்த்த நினைவில்லை. சுமை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் காவல்காரனை யார் பார்க்கிறார்கள்? கிள்ளான் பாலத்தைத் திரும்பக் கடக்கும்போது அந்தச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு பருக்கையும் சிந்தாமல் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராஜம்மா அக்காவின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவுக்கு நாலு பக்கம் எழுதினேன். ஜாகா என்றால் இந்த நாட்டில் காவல்காரர் என்று எழுதினேன். வந்த கடிதத்தில் பிழை இல்லை, பிழை என் பென்சிலுடையது என்று எழுதினேன். துளையையும் விசிலையும், நான் சொன்ன சொல்லையும் எழுதினேன். வீடு இந்த வருஷம் கிடையாது, அதற்கு எதிரே குழாய் இருபத்திரண்டு அடி என்றும் எழுதினேன். வேண்டுமானால் தட்டைத் திருப்பலாம், குற்றம் என்னுடையது என்று முடித்தேன்.

பதில் ஐந்து வாரம் கழித்துத் தோட்டத்துக்கு வந்தது. அப்பா சொல்லச் சொல்ல எங்கள் தபால்காரர் எழுதியது. அப்பா என்னைத் திட்டியிருந்தது ஒன்றரைப் பக்கம். தட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில், குறுக்காக இரண்டு வரி: "உன் கடுதாசியைப் பாக்கியம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டது. அடுத்த பட்டியலுக்கு எத்தனை மாதம் என்று கேட்டு எழுதச் சொல்கிறது."

பதினொரு மாதம் என்று இன்றைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். எழுத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன்.